பெயரில்லாக் கைகளும் கலைமன்றங்களின் வாக்குறுதிகளும்

கலை எல்லார்க்கும் பொது என்னும் கூற்றை இன்று மறுத்துரைப்பார் ஒருவரும் இலர். இசைச் சபைகள், நாட்டியப் பள்ளிகள், இலக்கியச் சங்கங்கள், புத்தகத் திருவிழாக் குழுக்கள் ஆகிய அனைத்தும் சாதி, சமயம், பால், மொழி என்னும் வேறுபாடுகளைத் தாம் பாராட்டுவதில்லை என்றே கூறிக்கொள்கின்றன. மறுப்பார் இல்லாத சொல்லுக்கு ஓர் ஆபத்து உண்டு. அதை நிறைவேற்றிக் காட்டுமாறு கேட்பாரும் இல்லாமற் போய்விடுவர். தந்தை திராட்சைத் தோட்டத்திற்குப் போகச் சொன்னபோது, போகிறேன் என்று பணிவோடு கூறிவிட்டுப் போகாமலிருந்த மகனை மத்தேயு நற்செய்தியின் உவமை நமக்குக் காட்டுகிறது. அம்மகனுடைய பேச்சில் குறையேதும் இல்லை. தோட்டத்தில்தான் அவனைக் காணோம். கலைமன்றங்களைக் குறித்து நாம் எழுப்ப வேண்டிய கேள்வியும் அதுவே.

இக்கேள்வியைத் திருப்பூரிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஊர் இது. இங்குள்ள ஏற்றுமதிக் கம்பெனிகளில் வாக்குறுதி என்பது சுவரில் தொங்கும் ஓர் அட்டை. குழந்தைத் தொழிலாளர் இல்லை, பாகுபாடு இல்லை, பெண்களுக்குத் தொல்லை இல்லை என்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் விதித்த நடத்தை நெறிகள் அதில் எழுதப்பட்டிருக்கும். அவை காக்கப்படுகின்றனவா என்று பார்க்க 'சோசியல் ஆடிட்' நடக்கும். அந்த ஆய்வினால் விளைந்த நன்மையையும், அதனை ஏமாற்றும் வழிகளையும் இவ்வூர் மக்கள் ஒருங்கே அறிவர். ஆகவே, நல்ல சொற்களை எடைபோடும் தராசு ஒன்று இவ்வூரின் கையில் உண்டு. அத்தராசில் நம் கலைமன்றங்களையும் நிறுத்துப் பார்ப்போம்.

ஒரு நூல் சொல்லும் செய்தி

பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூல் 2020-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பின்னர்த் தமிழிலும் வந்தது. மிருதங்கம் வாசித்தவர்களின் வரலாறு அன்று அது. மிருதங்கம் செய்தவர்களின் வரலாறு. தஞ்சையை வேராகக் கொண்டு சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் பரவிய அக்குடும்பங்களுள் பெரும்பாலானவை தலித் கிறித்தவக் குடும்பங்கள். நூலின் தலைப்பிலுள்ள செபாஸ்டியன், அவர்களின் நாவில் செவித்தியான். இவ்விதழின் வாசகர்களுக்கு இப்பெயர் அயலானதன்று. நம் கிராமங்களில் தெருவுக்கு ஒருவர் தாங்கும் பெயர் அது.

பலா மரத்தைக் குடைந்த கட்டையோடு மிருதங்கம் முடிவதில்லை. பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் அதற்கு வேண்டும். எந்தத் தோல் எவ்வளவு தடிப்பில் இருக்க வேண்டும், அதை எங்ஙனம் பதப்படுத்த வேண்டும், வார் எவ்வளவு இழுபட வேண்டும், வலந்தலையின் நடுவே கருஞ்சாந்து எத்தனை அடுக்காக ஏற வேண்டும் என்பன அனைத்தும் செய்பவரின் விரலிலும் செவியிலும் உள்ள அறிவு. பாலக்காடு மணி ஐயரின் நாதத்தை வியந்தோர் எண்ணற்றோர். அந்நாதத்தைத் தேடி அவரோடு நெடுங்காலம் உழைத்த பர்லாந்து என்னும் கைவினைஞரை அறிந்தோர் மிகச் சிலரே. பர்லாந்து என்பதும் பெர்னாண்டஸ் என்னும் ஞானஸ்நானப் பெயரின் திரிபே.

இந்நூலின் வன்மை, அக்கைவினைஞர்மீது இரக்கம் காட்டுவதில் இல்லை. அவர்களுடைய வேலையை உடலுழைப்பு என்று ஒதுக்கி, வாசிப்பவருடைய வேலையை மட்டும் ஞானம் என்று போற்றும் பகுப்பையே அது கேள்விக்கு உட்படுத்துகிறது. கொன்ற விலங்கின் தோலைத் தொடுவது தீட்டு என்று கருதிய சமூகம், அத்தோலிலிருந்து எழும் நாதத்தைத் தெய்விகம் என்று கொண்டாடியது. தீட்டு முழுவதையும் செய்தவர் தலையில் ஏற்றிவிட்டுத் தெய்விகத்தைத் தன்பால் வைத்துக்கொண்டது. இம்முரண்பாட்டை நூல் ஒளிக்காமல் பேசுகிறது.

குறையென்று ஒன்று சொல்ல வேண்டுமானால், இவ்வரலாற்றையும் மேடையில் அமர்ந்த ஒருவரே எழுத வேண்டியிருந்தது என்பதைச் சொல்லலாம். செவித்தியானின் வழிவந்தோர் இதில் பேசுகிறார்கள். ஆயினும் எதைக் கேட்பது, எதை எழுதுவது என்று தீர்மானித்தவர், அவ்வுலகின் உயர்படியில் நின்று தம் குலத்தையும் கேள்வி கேட்கத் துணிந்த கலைஞர். இக்குறையை நூலாசிரியர்மீது மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. அக்குடும்பங்களின் குரல் நேரே ஒலிப்பதற்கு ஒரு மேடையும் இதற்குமுன் அமைக்கப்படவில்லை என்பதற்கு இந்நூலே சான்று.

அரங்கக் கதவு அடைபட்ட வரலாறு

இந்நூலின் வெளியீட்டு விழா, 2020 பிப்ரவரி 2 அன்று சென்னை கலாக்ஷேத்ராவின் ருக்மிணி அரங்கத்தில் நடப்பதாக இருந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் நிறுவிய கலாக்ஷேத்ரா, 1993-ஆம் ஆண்டின் சட்டத்தால் நாட்டு முதன்மை வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகத்தின்கீழ் இயங்குவது. முதலில் அரங்கத்தைத் தர இசைந்த நிறுவனம், நூலின் ஒரு பகுதி நாளிதழில் வெளியானபின், இதில் அரசியல் சாயலும் சர்ச்சையும் உள்ளன என்று காரணம் காட்டி இசைவைத் திரும்பப் பெற்றது. விழா, குறித்த நாளிலேயே ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது.

ஓர் அரங்கம் மறுக்கப்பட்டதனால் நூலுக்கு இழப்பில்லை. அதன் புகழ் கூடிற்று என்றுகூடச் சொல்லலாம். நம் கவலை வேறு. பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு கலைநிறுவனத்தில் மிருதங்கம் நாள்தோறும் ஒலிக்கலாம். அதைச் செய்தவரின் வரலாறு ஒரு மாலைப்பொழுது பேசப்படலாகாது என்றால், அந்நிறுவனத்தின் 'அனைவருக்கும்' என்னும் சொல்லுக்கு என்ன பொருள்? கருவி உள்ளே வரலாம், கை வெளியே நிற்க வேண்டும் என்பதன்றி வேறென்ன?

அதே வளாகம் 2023-இல் மீண்டும் சோதனைக்கு உள்ளாயிற்று. அங்குள்ள ருக்மிணி தேவி கவின்கலைக் கல்லூரியில் பாலியல் தொல்லை நடந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தபோது, உள்விசாரணை நடத்திய நிறுவனம் அவற்றுக்கு ஆதாரமில்லை என்று முதலில் கூறியது. மாணவியரும் மாணவரும் மார்ச்சு 30 அன்று வளாகத்திலேயே அமர்ந்து போராடினர். மாநில மகளிர் ஆணையம் நேரில் வந்து விசாரித்தது. ஏப்ரலில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் மூவர் குழுவை நிறுவனம் அமைத்தது. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. பத்துப் பேர் வேலை செய்யும் எவ்விடத்திலும் உள்ளகக் குழு வேண்டும், அதில் வெளியார் ஒருவர் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஆயினும் அசைவு ஏற்பட்டது, மாணவர் வெயிலில் அமர்ந்தபிறகே. தீர்ப்புக் கூறுதல் நீதிமன்றத்தின் வேலை. அதில் நாம் புகுவதில்லை. விதி ஏட்டில் இருப்பது வேறு, விதி உயிரோடு இருப்பது வேறு என்பதே நாம் கொள்ளும் பாடம்.

பின்னலாடை உலகம் கற்ற மூன்று பாடங்கள்

இப்பாடத்தைப் பின்னலாடை உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. முதற்பாடம், அட்டையும் சான்றிதழும் போதா என்பது. பாகிஸ்தானின் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலைக்கு, 2012-இல் எஸ்.ஏ. 8000 என்னும் உலகச் சான்றிதழ் வழங்கப்பட்டது. சில வாரங்களிலேயே, செப்டம்பர் 11 அன்று, அங்கு மூண்ட தீயில் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆய்வாளர் பார்த்தது ஏட்டை. தொழிலாளர் சிக்கியது கட்டடத்தில்.

இரண்டாம் பாடம், ஆய்வின் முடிவை ஊரறியச் சொல்ல வேண்டும் என்பது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபின், பையர்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். எந்தத் தொழிற்சாலையில் எந்தக் குறை உள்ளது, அது சீராயிற்றா என்பதை யாரும் பார்க்கும்படி வெளியிட்டதே அதன் சிறப்பு. அதுவரை ஆய்வறிக்கை, ஆய்வுக்குப் பணம் கொடுத்தவரின் பெட்டியிலேயே உறங்கியது.

மூன்றாம் பாடம் நம் அண்டையிலேயே கிடைத்தது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் திண்டுக்கல் மாவட்டத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர், 2021-இன் தொடக்கத்தில் கொலையுண்டார். அதன்பின், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்னும் பெண்கள் தலைமையேற்ற சங்கம் விடாது முயன்றதன் பயனாக, 2022-இல் திண்டுக்கல் உடன்படிக்கை உருவாயிற்று. கம்பெனியும் சங்கமும் கையெழுத்திட்டன. சரக்கு வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களும் தனி ஒப்பந்தங்களால் கட்டுப்பட்டன. பால், சாதி ஆகியவற்றின் பெயரால் நேரும் கொடுமையைக் கண்காணிக்கும் பொறுப்பு, தையல் மேசைகளுக்கு இடையே வேலை செய்யும் பெண்களிடமே தரப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் ஆய்வாளரின் கண்ணுக்கு எட்டாதது, ஓவர்லாக் மிஷின் முன்னே நாள்தோறும் அமர்ந்திருப்பவளின் கண்ணுக்குத் தப்பாது அன்றோ?

ஆக, சொன்னதை எழுத வேண்டும். எழுதியதை வெளியார் ஆராய்ந்து ஊரறியச் சொல்ல வேண்டும். யாருக்கு வாக்களிக்கப்பட்டதோ அவர் கையிலேயே கண்காணிப்பு இருக்க வேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் வாக்குறுதிக்கு உயிர் வரும். நம் கலைமன்றங்களுள் பல முதற்படியையே இன்னும் முழுமையாக ஏறவில்லை.

விருதினால் கணக்குத் தீருமா?

சென்னை மியூசிக் அகாதெமியின் வரலாற்றை இவ்வகையில் எண்ணிப் பார்க்கலாம். அவ்வமைப்பு 1928-இல் தோன்றியது. அதன் உயர்ந்த பட்டமாகிய சங்கீத கலாநிதியை மிருதங்கக் கலைஞராகிய மணி ஐயர் பெற்றது 1966-இல். பெண் ஒருவர், எம். எஸ். சுப்புலட்சுமி, முதன்முதலாகப் பெற்றது 1968-இல். நாதசுரச் சக்கரவர்த்தி எனப்பட்ட டி. என். ராஜரத்தினம் பிள்ளை அதனைப் பெறாமலே 1956-இல் மறைந்தார். இசுலாமிய நாதசுரக் கலைஞர் ஷேக் சின்ன மௌலானா 1998-இல் பெற்றார். மிருதங்கம் செய்தவர் எவரும் இன்றுவரை பெற்றதில்லை. கதவு திறவாத கதவு அன்று. ஆனால் எவ்வளவு மெதுவாகத் திறந்தது, இன்னும் யாருக்குத் திறக்கவில்லை என்பதை எண்ணிக் காட்ட இயலும்.

அகாதெமி செய்த நல்லவற்றையும் கூறுதல் கடன். பாலியல் புகார்களில் பெயர் அடிபட்ட எழுவரை 2018-ஆம் ஆண்டின் மார்கழி விழாவிலிருந்து அது விலக்கியது. 2024 மார்ச்சில் டி. எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவித்தது. கலைஞர் சிலர் எதிர்த்து அவ்வாண்டு விழாவிலிருந்து விலகினர், எம். எஸ். பெயரால் தனியே வழங்கப்படும் விருதைக் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆயினும் அகாதெமி தன் முடிவினின்று பின்வாங்காமல், 2025 சனவரி 1 அன்று பட்டத்தை வழங்கியது. இவ்வுறுதி பாராட்டத் தக்கதே.

ஆனால் சமத்துவத்தைப் பேசும் ஒருவருக்குப் பட்டம் அளிப்பதும், சமத்துவத்தை நடைமுறையாக்குவதும் ஒன்றல்ல. கிருஷ்ணா பட்டம் பெற்றதனால் செவித்தியானின் பேரர்களுக்கு எக்கதவு திறந்தது? அழைப்பிதழில் பாடுபவர், வயலின் வாசிப்பவர், மிருதங்கம் வாசிப்பவர் பெயர்களுக்குக் கீழே, இம்மிருதங்கத்தைச் செய்தவர் இன்னார் என்னும் ஒரு வரியை அச்சிடச் செலவு ஏதும் இல்லை. அவ்வரியைச் சேர்ப்பதில் எந்தச் சபை முந்துகிறது என்று பார்க்க நாம் ஆவலாய் இருக்கிறோம்.

தகுதி என்னும் வாதம்

கலையில் தகுதி ஒன்றே அளவுகோல், கணக்குப் பார்த்தால் தரம் தாழும் என்போர் உளர். இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை; தரமற்றதைத் தரமென்று சொல்வது கலைக்கும் துரோகம், ஒதுக்கப்பட்டோர்க்கும் அவமதிப்பு. ஆனால் தகுதியே அளவுகோல் என்றால், அவ்வளவுகோலைக் கருவி செய்தவருக்கும் நீட்ட வேண்டும். மணி ஐயரின் வாசிப்பில் பர்லாந்தின் அறிவு கலந்திருந்தது என்பது உண்மையானால், அவர் பெயரை விட்டுவிட்டு அவ்வாசிப்பைப் போற்றுவதே தகுதியை மறுப்பது.

கலைக்கு ஆடிட் கூடாது என்று வேறு சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானது. எந்த இராகத்தைப் பாடுவது, எதை எழுதுவது என்பதில் எந்த ஆய்வாளருக்கும் இடமில்லை. நாம் கேட்பது கலையின் கணக்கை அன்று, மன்றத்தின் கணக்கை. தேர்வுக்குழுவில் யார் இருக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள், உதவித்தொகை யாருக்குப் போயிற்று, புகார் கொடுத்தவளுக்கு என்ன நேர்ந்தது என்பவை கற்பனைக்கு உரியவை அல்ல. ஏட்டில் எழுதக் கூடியவை. ஏமாற்றுக் கணக்கு எழுதுவாரும் உளரே எனலாம். ஆய்வு நாளன்று மட்டும் ஒழுங்காகும் கழிப்பறையையும், ஆய்வாளரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லித் தரப்பட்ட தொழிலாளரையும் ஆடைத் தொழில் அறியும். அதனால்தான் மூன்றாம் படி வேண்டும் என்கிறோம். பாதிக்கப்படக் கூடியவரே கண்காணிப்பவரானால், ஏமாற்றுதல் அத்துணை எளிதன்று.

நம் ஊரும் நம் இல்லமும்

சென்னையைச் சுட்டிவிட்டுத் திருப்பூர் தப்பித்துக்கொள்ளலாகாது. இவ்வூரில் தைக்கப்படும் ஆடையின் லேபிளில் கம்பெனியின் முத்திரை உண்டு, அளவு உண்டு, துவைக்கும் முறை உண்டு, நாட்டின் பெயரும் உண்டு. தைத்தவர் பெயர் இல்லை. பெயரின்றி உழைப்போர் மாலையில் எங்கே செல்கிறார்கள் என்று இவ்வூரின் கலை இலக்கிய அமைப்புகள் கேட்டுப் பார்க்க வேண்டும். காலை எட்டரைக்குத் தொடங்கும் ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரைக்கு முடிகிறது. கவியரங்கமும் கச்சேரியும் மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால், அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று அச்சிட்டிருப்பது யாரை நோக்கி? கட்டிங், செக்கிங், பேக்கிங் பகுதிகளில் நிற்பவர் அவ்வழைப்புக்கு வெளியே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு நிகழ்ச்சி வைப்பது பெரும் புரட்சி அன்று. ஆயினும் அது வாக்குறுதியைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்லும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இங்கு வாழ்வோருக்கும் பாட்டு உண்டு, கூத்து உண்டு, கதை உண்டு. இவ்வூரின் செல்வத்தில் அவர்கள் பங்கு எவரும் மறுக்க இயலாதது. இவ்வூரின் மேடையில் அவர்கள் பங்கு எவ்வளவு? சிறந்த நூலுக்குப் பரிசளிக்கும் அமைப்புகள், நடுவர் குழுவில் ஒரு முறையேனும் தையல் தொழிலாளியான வாசகி ஒருவரை அமர்த்தினால் என்ன?

இறுதியாக, நம் இல்லம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளை இயற்றினார் என்று நாம் பெருமை கொள்கிறோம். கிறித்தவப் பாடல்களைக் கருநாடக இசையில் பாடவிருந்த ஓ. எஸ். அருண், எதிர்ப்பு எழுந்ததனால் 2018 ஆகஸ்டில் அந்நிகழ்ச்சியிலிருந்து விலக நேர்ந்ததை எண்ணி வருந்துகிறோம். அவ்வருத்தம் மெய்யானால், செவித்தியானுக்கு மேடை மறுக்கப்பட்டதற்கும் நாம் வருந்த வேண்டும். செவித்தியானை நம் பாடற்குழுவில், நம் விழாக்குழுவில், நம் இதழின் பக்கங்களில் தேடிப் பார்க்கவும் வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள்ளும் சாதி வேறுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டு, தலித் மக்களை ஆற்றல்படுத்தும் கொள்கையை 2016 டிசம்பரில் வெளியிட்டது. அதுவும் ஒரு வாக்குறுதி. பிறருக்கு நீட்டும் அளவுகோல் அதற்கும் பொருந்தும்.

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. ஒவ்வொரு கலைமன்றமும், ஒவ்வோர் இலக்கியச் சங்கமும், ஒவ்வொரு பங்கின் கலைக்குழுவும் தன் ஆண்டறிக்கையில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கட்டும். என்ன வாக்களித்தோம், யார் உள்ளே வந்தனர், யார் இன்னும் வரவில்லை, யார் பெயரை அச்சிட்டோம், வந்த புகார் என்னவாயிற்று என்னும் ஐந்து கேள்விகளுக்கு அப்பக்கத்தில் விடை இருக்கட்டும். எழுதியது மெய்தானா என்று சொல்லும் உரிமை, அழைக்கப்பட்டவர்களுக்கே இருக்கட்டும். அப்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அச்சேறட்டும். வெற்றுப் பக்கத்தைப் பார்த்து அடுத்த ஆண்டு கேள்வி கேட்கலாம். அச்சேறாத பக்கத்தைப் பார்த்து எவரும் எதுவும் கேட்க இயலாது.